வருங்காலக் கதையில் வாழ்ந்த காலம்

வருங்காலத்தைப் பற்றி எழுதப்பெறும் புதினங்களுக்கு ஓர் இடர் உண்டு. கதைக்குக் குறித்த ஆண்டு ஒருநாள் வந்தே தீரும். வந்தபின், சொன்னவை நடந்தனவா இல்லையா என்று கணக்குப் பார்த்து நூலை மூடி வைத்துவிடுவது பலருடைய வழக்கம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கும் அந்நிலை வந்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அக்கதை, 2020களின் தொடக்கத்து இந்தியாவில் நிகழ்வதாக அமைந்தது. அந்த ஆண்டுகள் வந்தன, சென்றன. இனி அதனைப் படிப்பதால் பயன் என்ன? மாணவர் கையில் அதனைக் கொடுக்கலாமா? தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை.

கதையின் அமைப்பை முதலில் காண்போம். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் நாடு இருக்கிறது. மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேற்படக் கூடாது. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். அந்த இசைவு கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவனைத் தேடப் புகுந்தவள் ஆட்சியின் உள்மறைவுகளை ஒவ்வொன்றாக அறியத் தலைப்படுகிறாள். அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது நூல்களைத் தானே படித்து, படிக்கப் படிக்கச் சிந்திக்கவும் கற்றுக்கொள்கிறது. மக்கள் ஏவியதைச் செய்யும் இயந்திரங்களாக ஆகிவிட்ட நாட்டில், ஓர் இயந்திரம் படிப்பினால் மனிதத் தன்மை பெறுகிறது. நூலின் உயிர்நிலை இதுவே. முடிவை இங்கே உரைப்பது புதிதாகப் படிப்போரின் இன்பத்தைக் கெடுக்கும்.

இவ்வகைப் புதினத்திற்கு உலக இலக்கியத்தில் ஒரு மரபு உண்டு. ருஷ்ய எழுத்தாளர் சமியாத்தின் 1920–21இல் எழுதிய ‘நாம்’ என்னும் நூலில் மாந்தருக்குப் பெயரே இல்லை, எண்கள்தாம் உண்டு. அந்நூல் 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியரின் சொந்த நாட்டிலோ 1988 வரை அச்சேறவில்லை. பீகாரிலுள்ள மோத்திஹாரியில் 1903இல் பிறந்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், தம் ‘1984’ புதினத்தை 1949இல் வெளியிட்டார். அது 35 ஆண்டுகளுக்குப் பின் வரப்போவதைச் சொல்லும் சோதிட நூலன்று. இட்லரையும் ஸ்டாலினையும் கண்ட தலைமுறையின் அச்சத்தைப் பதிந்த நூல். 1984ஆம் ஆண்டு கடந்த பின்னும் அது படிக்கப்படுவதன் காரணம் இதுவே.

‘என் இனிய இயந்திரா’வையும் இவ்வாறே நோக்க வேண்டும். அது வெளிவருவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன், 1975 சூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை, இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவியது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டனர். 1976–77இல் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் வற்புறுத்தலுக்கு ஆளானோர் பலர். அந்த ஆண்டுகளைக் கண்ட ஒரு நாட்டில், குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும் என்னும் கதை வெறும் கற்பனை விளையாட்டாக இருந்திருக்க முடியாது. ஆசிரியர் எண்ணி எழுதினாரா என்பது வேறு. படித்தவர் நெஞ்சில் அந்நினைவு எழுந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இங்ஙனம் நோக்கின், 2020களைப் பற்றிய இக்கதை 1970களின் வரலாற்றுக்கு ஒரு சான்று ஆகிறது.

ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா (1935–2008), பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டவர். மக்களின் வாக்கை எண்ணும் கருவிக்கு உழைத்த அவரே, மக்களின் வாக்குக்கு மதிப்பற்ற நாட்டையும் கற்பனை செய்தார். இயந்திரத்தை அறியாதவர் அதனைக் கண்டு அஞ்சுவர். அவரோ அதனை அறிந்தவர். ஆதலின், இயந்திரத்தை ஆள்பவர் யார் என்று கேட்டார்.

ஸ்கூடாய் வட்டாரத்து வாசகருக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. காம்பியரும் மிளகும் விளைந்த ஜொகூர் ஆற்றங்கரைகளில் 20ஆம் நூற்றாண்டில் இரப்பர் பரவியது. அதனோடு தமிழ்த் தொழிலாளரும் வந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரியாக வாழ்ந்த தலைமுறை அது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாய் வளாகத்தை 1985இல் திறந்தது. நிலா, ஜீனோ கதை தமிழ் வாசகரை எட்டிய காலமும் ஏறத்தாழ அதுவே. அதன்பின் பால்மரக் காடுகள் மறைந்து குடியிருப்புகள் எழுந்தன. பெரட்டுக் களம் போய்க் கணினித் திரை வந்தது. பேரேட்டில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும், மனிதனை ஒரு பதிவாக மட்டும் காணும் பார்வை ஒன்றே. இதனைத் தாத்தாவின் வாழ்விலிருந்தும் பேரனின் வாழ்விலிருந்தும் ஒருங்கே விளக்க இந்நூல் இடந்தருகிறது.

இந்நூலை மாணவருக்குக் கொடுக்கத் தயங்கும் ஆசிரியர் சிலர் உளர். வார இதழ்த் தொடருக்குரிய பரபரப்பு மிகுதி. ஆங்கிலச் சொற்கள் கலந்த நடை. பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. இக்குறைகள் உண்மையே. ஆயினும் தொடர்கதை என்பதே ஒரு குற்றமாகாது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னும் தொடர்கதைதான். இன்றைய மாணவரிற் பலர், 2008இல் வெளிவந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ போன்ற ஆங்கில நூல்களின் வாயிலாகவே கொடுங்கோல் வருங்காலக் கதைகளை அறிகின்றனர். தமிழில் இத்தகைய நூல் இல்லை என்று அவர்கள் எண்ணினால், அது மாணவரின் குறையன்று. இருப்பதைச் சொல்லாத ஆசிரியரின் குறை.

முதல் வாசிப்பில் விளக்கம் ஒன்றும் வேண்டா. ஜீனோவின் குறும்பே மாணவனை இழுத்துச் செல்லும். இரண்டாம் வாசிப்பில் 1975–77ஆம் ஆண்டுகளின் வரலாற்றை ஆசிரியர் எடுத்துரைக்கலாம். பின்னர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ்ப் புதினங்களை உடன்வைத்துப் படிக்கச் செய்யலாம். 1942–43இல் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு, 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்குத் தம் உயிரைத் தந்த தமிழரின் கதை அவை. மனிதன் எண்ணாகக் குறைக்கப்படுவது வருங்காலத்தில் நடக்கக்கூடும் என்று ஒரு நூல் சொல்லும். ஏற்கெனவே நம் வீட்டாருக்கு நடந்தது என்று மற்ற இரண்டும் சொல்லும். இரண்டையும் படித்த மாணவன், தன் பெயரை எவரேனும் சுருக்க முற்படும்போது ஏன் என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே இந்நூல் மீண்டும் வகுப்பறைக்கு வரத்தக்கது.