கலப்பையும் வாளும்

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்டார். கொழுக்களையே வாள்களாக அடித்துக்கொள்ளும்படி எழுந்த போர் முழக்கத்தை யோவேல் நூல் பதிவு செய்கிறது. இரண்டுக்கும் இரும்பு ஒன்றுதான். அணுவின் வரலாறும் அத்தகையதே.

1953 டிசம்பர் 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், அணு ஆற்றலை அமைதிப் பணிக்குத் திருப்புவோம் என்று ஐ.நா. பொதுச் சபையில் அழைப்பு விடுத்தார். ஹிரோசிமாவின் துயரம் ஆறாத அந்நாளில் அது பலருக்கும் நற்செய்தியாகவே ஒலித்தது. 1956இல் கனடா, கொழும்புத் திட்ட உதவியாக, 40 மெகாவாட் ஆய்வு அணு உலையை இந்தியாவுக்கு வழங்க இசைந்தது. அதற்கான கன நீரை அமெரிக்கா தந்தது. மும்பையை அடுத்த டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய அந்த உலையே 'சைரஸ்'.

மருத்துவத்துக்கான கதிரியக்கத் தனிமங்களை அது அளித்தது. ஆனால், உலையில் வேகும் யுரேனியத்தின் ஒரு சிறு பகுதி புளூட்டோனியமாகவும் மாறுகிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆலை 1964இல் டிராம்பேயிலேயே எழுந்தது. 'அமைதிப் பணிகளுக்கே' என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருந்தது. அதைச் சரிபார்க்கும் பன்னாட்டுக் கண்காணிப்பு இல்லை. வெடிப்புக்கு இதைப் பயன்படுத்தலாகாது என்று கனடா 1971இல் எச்சரித்தும் பார்த்தது.

1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது சைரஸ் உலையின் புளூட்டோனியமே. அரசு அதனை 'அமைதிக்கான வெடிப்பு' என்றது. வெடிப்பை ஒப்பந்தம் வெளிப்படையாகத் தடுக்கவில்லை என்பது அதன் வாதம். கனடா உதவியை நிறுத்தியது. 1976இல் உறவை முற்றாக முறித்தது. அணுப் பொருள் வழங்கும் நாடுகள் 1975இல் இலண்டனில் கூடிக் கட்டுப்பாடுகளை வகுக்கத் தொடங்கின. அதே குழுவே 2008இல் இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தது. சைரஸ் 2010இல் மூடப்பட்டது.

பழியை ஒருவர்மீது மட்டும் சுமத்துவது எளிது. ஆயிரக்கணக்கான அணுகுண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டே பிறருக்கு அறம் உரைத்த வல்லரசுகளும் இதில் பங்காளிகளே. திருத்தந்தை 23ஆம் யோவான், 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடலில், படைக்குறைப்புக்கு ஒருவரையொருவர் கண்காணிக்கும் முறை வேண்டும் என்றார். நிலையான அமைதிக்கு ஒருவர் மற்றவர்மீது கொள்ளும் நம்பிக்கையே அடித்தளம் என்றும் கற்பித்தார். சைரஸ் கதையில் கண்காணிப்பு தொடக்கத்திலேயே இல்லை. நம்பிக்கை முடிவில் எஞ்சவில்லை. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதங்களை வைத்திருப்பதையே கண்டித்தார்.

பொக்ரான் வெடிப்பை நாடு கொண்டாடியபோது, 'அமைதி' என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர் சிலரே. உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்கு முதன்முதல் அளித்த கொடை அச்சொல். அதைக் குண்டுக்குப் பெயராகச் சூட்டும்போது நாம் வாய்மூடி இருத்தல் தகுமா?