உயில் இருக்கிறது, எல்பிஏ இருக்கிறதா?
சிங்கப்பூரில் ஒருவர் பக்கவாதத்தாலோ முதுமை மறதிநோயாலோ மனத்திறனை இழந்துவிட்டால், அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கை மனைவிகூடத் தாமாக இயக்க முடியாது. நீதிமன்றம் சென்று அதிகாரம் பெறவேண்டும். செலவும் அலைச்சலும் அதிகம்.

அதைத் தவிர்க்கவே ‘எல்பிஏ’ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம். 21 வயது நிரம்பியோர் சிங்பாஸ் வழி இணையத்தில் இதைத் தயாரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர் அல்லது மனநல மருத்துவர் முன்னிலையில் கையெழுத்திடலாம். தெளிவாக இருக்கும்போதே செய்யவேண்டும்; நோய் முற்றியபின் வழியில்லை.

யாரை நியமிப்பது? மூத்த மகன் என்பது மட்டும் போதாது. கைசுத்தமும் கணக்கு வைக்கும் பழக்கமும் வேண்டும். நொடித்துப்போனவரிடம் பணப் பொறுப்பை ஒப்படைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உயில் எழுதியாயிற்றே என்போர் கவனிக்க: அது இறந்தபின்தான் நடப்புக்கு வரும்.