முதிய நாயின் இதயமும் இருநூற்று நாற்பது ஆண்டுகளும்

வயதான சிறுநாய் ஒன்று நள்ளிரவில் இருமத் தொடங்கினால் வீட்டார் முதலில் தொண்டையைத்தான் ஐயுறுவர். எலும்புத்துண்டு ஏதேனும் சிக்கியிருக்குமோ, மழையில் நனைந்து சளி பிடித்திருக்குமோ என்றுதான் நாமும் எண்ணினோம். நம் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த வெள்ளைப் பொமரேனியனின் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் உற்றுக்கேட்ட கால்நடை மருத்துவர், தொண்டையில் ஒன்றுமில்லை, இதயத்துக்குள் ஒரு கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை என்றார். அவர் எழுதித் தந்த மாத்திரைகளின் பெயர்களைப் பிற்பாடு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தோம். தமிழ் கற்பிப்பவருக்கு இது அயல்புலம்தான். ஆயினும் சொல்லின் வேரைத் தேடிப் பழகிய மனம், மருந்தின் வேரையும் தேடாமல் இருக்குமா?

கதவு என்று அவர் கூறியது இதயத்தின் இடப்புறத்து ஈரிதழ் வால்வை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இருக்கும் இவ்விதழ்களின் தோற்றம் கிறித்தவ ஆயர் அணியும் மைட்டர் என்னும் கூர்முடியை ஒத்திருப்பதாக 16ஆம் நூற்றாண்டின் உடற்கூற்று அறிஞர் வெசேலியஸ் கண்டார்; மைட்ரல் என்னும் பெயர் அவ்வழி வந்தது. நம் நாட்டில் மனிதரின் மைட்ரல் வால்வு கெடுவதற்குப் பெருங்காரணம் இளமையில் வரும் வாதக் காய்ச்சல். நாயின் கதை வேறு. அங்கே கிருமியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முதுமையும் குலமரபும் சேர்ந்து இதழ்களைத் தடிக்கச் செய்து முண்டும் முடிச்சுமாக்குகின்றன. இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்கள் நீள்கின்றன, சிலபோது அறுந்தும் விடுகின்றன. முன்னோக்கிப் பாயவேண்டிய குருதியில் ஒரு பகுதி பின்னோக்கி ஒழுகுகிறது. அதை ஈடுசெய்ய இதயம் விரிகிறது. பல ஆண்டுகள் ஈடுசெய்தும் விடுகிறது. பிறகொரு நாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது.

இவ்வாறு நீர் கோத்தலுக்கு மருந்து தேடிய வரலாறு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் பெயர் தெரியாத ஒரு மூதாட்டியிடம் தொடங்குகிறது. உடல் வீங்கிய நோயாளிகளுக்கு அவள் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கூட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து வந்தாள். 1775இல் அம்மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்ட மருத்துவர் வில்லியம் விதரிங், தாவரவியலும் அறிந்தவராதலால், அக்கூட்டில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்னும் ஒற்றைச் செடியே என்று தெளிந்தார். பத்தாண்டுகள் பர்மிங்காமில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பயன்பட்டதையும் பயன்படாததையும் ஒளிக்காமல் 1785இல் நூலாக்கினார். அம்மூதாட்டிக்கு இன்று வழங்கும் 'அன்னை ஹட்டன்' என்னும் பெயர் 20ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரம் சூட்டியது. பாட்டி வைத்தியம் என்று நாம் ஒதுக்குவதும், பிறகு விளம்பரத்துக்காகப் பாட்டியைப் புனைந்து கொள்வதும் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

அச்செடியின் இனத்திலிருந்து 1930இல் டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதருக்குப் பின்னே நாய்க்கும் அதுவே இதய மருந்தாயிற்று. அமுதுக்கும் நஞ்சுக்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறுகல். அளவு சற்று மிகுந்தால் நாய் உணவை மறுத்து வாந்தியெடுக்கும். இன்று அது பெரும்பாலும் மேலறைத் துடிப்பு தாறுமாறாகும் நாய்களுக்கென்று ஒதுங்கி நிற்கிறது.

நிற்க. நாய்களுக்கு இந்நோய் எவ்வளவு பரவலானது என்பதையே முறையாக யாரும் எண்ணிப் பார்க்காத காலம் ஒன்றிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டெட்வைலரும் டொனால்ட் பாட்டர்சனும் ஏறத்தாழ 5000 நாய்களை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கணக்கு அக்குறையைத் தீர்த்தது. முதிர்ந்த சிறு நாய்களிடையே வால்வுச் சிதைவு எத்துணைப் பெரிது என்பது அதன் பின்னரே பலருக்கும் உறைத்தது. அதே 1960களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் ஃபியூரோசமைட் புழக்கத்துக்கு வந்தது. நுரையீரலில் கோத்த நீரைச் சிறுநீராக இறக்கிவிடும் இம்மாத்திரையின் வணிகப்பெயர் லேசிக்ஸ். ஆறு மணிநேரம் நிற்கும் என்பதால் அப்பெயர் என்பர். மூச்சுத் திணறும் நாயைச் சில மணி நேரத்தில் மீட்டுத் தருவதில் இன்றும் இதற்கு நிகரில்லை. ஆனால் இது நீரை இறைக்குமேயன்றி ஓட்டையை நாடாது.

அடுத்த மருந்து பாம்பின் வாயிலிருந்து வந்தது. பிரேசிலின் ஜராராகா விரியனின் நஞ்சு குருதியழுத்தத்தைச் சரியச் செய்யும். அந்நஞ்சில் இருந்த பொருளை செர்ஜியோ ஃபெரைரா 1965இல் எடுத்துக்காட்டினார். இலண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு அது சென்றது. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975இல் அதன் வழியே கேப்டோப்ரிலை உருவாக்கினர். அக்குடும்பத்தின் எனலாப்ரிலும் பெனசெப்ரிலும் 1990களில் நாய்களுக்கு வந்தன. இதயநோய் முற்றிய நாய்களுக்கு அவை பயன்பட்டன. உடனே ஓர் ஆசை பிறந்தது: நோய் முற்றும் முன்பே, இரைச்சல் கேட்ட நாள் முதலே கொடுத்தால் என்ன?

இந்த ஆசையைச் சோதிக்க ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் தேர்ந்தது கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் இனம். அறிகுறி தோன்றாத 229 நாய்கள். பாதிக்கு எனலாப்ரில், பாதிக்கு மருந்தற்ற போலி மாத்திரை. 2002இல் வெளிவந்த முடிவு ஏமாற்றம்: மருந்து உண்ட நாய்க்கும் உண்ணாத நாய்க்கும் இதயம் தளரும் நாளில் வேறுபாடில்லை. முன்கூட்டிக் கொடுப்பது நல்லதாகத்தானே இருக்கும் என்னும் நம் பொதுப்புத்திக்கு விழுந்த அடி இது. இவ்வரலாற்றில் நாம் மிக மதிப்பது இத்தோல்வியைத்தான். பலனில்லை என்று அச்சிட்டுச் சொல்லும் துணிவு எல்லாத் துறையிலும் வாய்ப்பதில்லை. நம் துறையில் வாய்த்ததாக நினைவில்லை.

இனி பிமோபெண்டான். ஜெர்மனியில் உருவான இம்மருந்து இதயத்தசையைக் கால்சியத்தை நன்கு உணரச் செய்து சுருக்கத்தை வலுவாக்கும். குருதிக் குழாய்களையும் விரிக்கும். முதலில் மனிதருக்கென்றே எண்ணப்பட்டது. ஆனால் இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டும் மருந்துகளின் மீது அக்காலத்தில் பெரும் அச்சம் நிலவியது. 1991இல் மில்ரினோன் என்னும் உறவு மருந்து, உண்டவர்களிடையே இறப்பைக் கூட்டியது தெரிந்திருந்தது. 1996இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் பிமோபெண்டான் உண்ட மனிதர்கள் கூடுதலாக உழைக்க முடிந்தது. ஆனால் இறப்பும் அவர்களிடம் மிகுவதுபோல் தோன்றியது, எண்கள் உறுதியாகச் சொல்லாவிடினும். ஜப்பானில் மனிதருக்கான மருந்தாக நிலைத்த அது, ஐரோப்பாவில் மனிதரிடம் வேரூன்றவில்லை. மனிதன் தயங்கிய மருந்து நாயிடம் வந்தது.

2008இல் யென்ஸ் ஹெக்ஸ்ட்ரோம் தலைமையில் வெளியான ஆய்வில், இதயம் தளர்ந்த 260 நாய்களிடையே பிமோபெண்டானும் பெனசெப்ரிலும் ஒப்பிடப்பட்டன. பாம்பின் வழிவந்த மருந்து உண்டவை இடைநிலைக் கணக்கில் 140 நாள் தாக்குப்பிடித்தன. பிமோபெண்டான் உண்டவை 267 நாள். பழைய கேள்வி மீண்டும் எழுந்தது: முன்கூட்டிக் கொடுத்தால்? இம்முறை கேள்வி கூர்மையாகியிருந்தது. இரைச்சல் உள்ள நாய்க்கெல்லாம் அன்று. அறிகுறி இல்லாவிடினும் எதிரொலிப் படத்திலும் எக்ஸ்ரேயிலும் இதயம் விரிந்திருப்பது உறுதியான நாய்களுக்கு மட்டும். இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஏட்ரியன் பாஸ்வுட் தலைமையில் 11 நாடுகளில் 360 நாய்கள். 2016இல் முடிவு வெளியாயிற்று: இதயத் தளர்ச்சியோ இதயத்தால் இறப்போ வரும்வரை போலி மாத்திரைக்கு 766 நாள், பிமோபெண்டானுக்கு 1228 நாள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்னதாக நிறுத்திவிட்டனர். ஆய்வுக்குச் செலவிட்டது அம்மருந்தை விற்கும் நிறுவனம் என்பதை வாசகர் மனத்தில் வைக்கவேண்டும். முடிவை ஐயுறக் காரணமாக அன்று, யார் கேட்டால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதை அறிய.

அந்தக் கேவலியர் நாயின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாம் சார்லஸ் மன்னன் மடியில் கிடந்த நீள்மூக்குச் சிறுநாய், விக்டோரியா காலத்தில் மூக்குத் தட்டையாகி உருமாறிற்று. பழைய ஓவியங்களில் உள்ள நாயே வேண்டும் என்று ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர் 1926இல் இலண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுன் பரிசு அறிவித்தார். ஓவியத்தைப் பார்த்து ஒரு குலத்தைத் திரும்ப வார்த்தனர். மிகச் சில நாய்களிலிருந்து பெருகிய அக்குலத்தில் வால்வு நோய் ஏறத்தாழக் குலச்சொத்தாயிற்று. பத்து வயதில் இரைச்சல் இல்லாத கேவலியர் அரிது. இதயத்தைச் சோதித்துப் பார்த்தே இணைசேர்க்கவேண்டும் என்று டென்மார்க்கில் விதித்தபின் நோய் குறைந்தது என்பதும் பதிவாகியுள்ளது. அதற்கு மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை.

நம் நாய்க்கு நாம் தொடக்கத்தில் பிமோபெண்டானைத் தயிர்ச்சோற்றில் பொதிந்து கொடுத்துவந்தோம். உணவுக்கு ஒருமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். உறங்கும்போது அதன் மூச்சை நிமிடக்கணக்கில் எண்ணிக் குறிக்கவும் சொன்னார். முப்பதைத் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் கூப்பிட வேண்டும். தேர்வுத்தாள் திருத்தும் மேசையின் கீழே அது உறங்க, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்திரண்டு. பதினான்கு மாதங்கள் அப்படி எழுதிய நாற்பது பக்க நோட்டு, இலக்கண நூல்களுக்கிடையே இன்னும் இருக்கிறது.