1950 யு.எஸ். ஓப்பன் (குழிப்பந்தாட்டம்)

1950 யு.எஸ். ஓப்பன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள ஆர்ட்மோரில் 1950 சூன் 8 முதல் 11 வரை நடைபெற்ற குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வாகைப் போட்டியாகும். ஆண்கள் குழிப்பந்தாட்டத்தின் பெரும் போட்டிகளுள் ஒன்றான யு.எஸ். ஓப்பனின் 50ஆவது பதிப்பு இதுவாகும். அமெரிக்க வீரர் பென் ஹோகன், லாயிட் மாங்ரம், ஜார்ஜ் ஃபேசியோ ஆகிய இருவரையும் கூடுதல் சுற்று ஒன்றில் தோற்கடித்துப் பட்டம் வென்றார். உயிருக்கு ஆபத்தான சாலை விபத்தில் சிக்கிய 16 மாதங்களில் ஹோகன் இவ்வெற்றியைப் பெற்றமையால், குழிப்பந்தாட்ட வரலாற்றில் இப்போட்டி தனியிடம் பெறுகின்றது.

பின்னணி

ஹோகன் 1948ஆம் ஆண்டின் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றவர். 1949 பெப்ரவரி 2 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் வான் ஹார்ன் என்ற ஊருக்கு அருகில் அவரது மகிழுந்து பேருந்து ஒன்றுடன் நேருக்கு நேர் மோதியது. மோதலின்போது அவர் அருகில் அமர்ந்திருந்த தம் மனைவி வாலெரியைக் காக்கும் பொருட்டு அவர்மீது பாய்ந்தார். வண்டியின் சுழற்சக்கரத் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துச் சென்றதால், அச்செயலே ஹோகனின் உயிரையும் காத்தது.

அவருடைய இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் ஆகியன முறிந்தன. பின்னர் இரத்தக் கட்டிகள் தோன்றி நுரையீரலை அடையத் தொடங்கியதால், மருத்துவர்கள் உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருஞ்சிரையைக் கட்டி அடைத்தனர். உயிர் தப்பினாலும் கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தது. நெடுநேரம் நடந்தால் கால்கள் வீங்கி வலித்தன. அவர் மீண்டும் நடப்பதே ஐயம் எனக் கருதப்பட்டது. எனினும் 1950 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பனில் மீண்டும் களமிறங்கி, கூடுதல் சுற்றில் சாம் சினீடிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார்.

ஆடுகளம்

மெரியன் குழிப்பந்தாட்டக் கழகத்தின் கிழக்குத் திடலில் போட்டி நடைபெற்றது. ஹியூ வில்சன் வடிவமைத்த இத்திடல் 1912இல் திறக்கப்பட்டது. குழிகளைக் குறிக்கும் கம்பங்களின் உச்சியில் கொடிகளுக்குப் பதிலாகப் பிரம்புக் கூடைகள் இருப்பது இதன் சிறப்பு. 18 குழிகளுக்கான நியம அடி எண்ணிக்கை (பார்) 70 ஆகும்.

போட்டியின் போக்கு

அக்காலத்தில் யு.எஸ். ஓப்பனின் முதலிரு சுற்றுகள் இரு நாள்களிலும், எஞ்சிய இரு சுற்றுகள் ஒரே நாளிலும் ஆடப்பட்டன. கட்டுத்துணியால் கால்களை இறுகச் சுற்றிக்கொண்டு ஆடிய ஹோகனுக்கு, சனிக்கிழமையன்று 36 குழிகளை நடந்து முடிப்பதே பெருஞ்சோதனையாக இருந்தது.

முதற்சுற்றில் அதிகம் அறியப்படாத லீ மேக்கி 64 அடிகளில் ஆடி, யு.எஸ். ஓப்பனின் ஒரு சுற்றுக்கான அன்றைய சாதனையைப் படைத்தார். ஆயினும் மறுநாள் அவருக்கு 81 அடிகள் தேவைப்பட்டன. இரண்டு சுற்றுகளின் முடிவில் டட்ச் ஹாரிசன் 139 அடிகளுடனும், மூன்று சுற்றுகளின் முடிவில் மாங்ரம் 211 அடிகளுடனும் முன்னணியில் இருந்தனர். அப்போது ஹோகன் 213 அடிகளுடன் இருந்தார்.

இறுதிச் சுற்றில் மாங்ரம் தடுமாற, ஹோகன் முன்னிலைக்கு வந்தார். ஆனால் 12ஆவது குழிக்கருகில் அவருடைய கால்கள் தளர்ந்தன. 12, 15, 17ஆவது குழிகளில் தலா ஓர் அடியை இழந்ததால், 18ஆவது குழியை நியம அடிகளான நான்கில் முடித்தால்தான் சமநிலை அடைய முடியும் என்ற நிலை ஏற்பட்டது. அக்குழியின் இரண்டாவது அடியில், ஆடுவதற்குக் கடினமான 1ஆம் எண் இரும்பு மட்டையால் பந்தைக் குழியைச் சூழ்ந்த புல்தரையில் சேர்த்தார். அங்கிருந்து இரு அடிகளில் குழியை நிறைவு செய்தார்.

நான்கு சுற்றுகளின் முடிவில் முதல் நான்கு இடங்கள்:

பென் ஹோகன்: 72, 69, 72, 74 = 287
லாயிட் மாங்ரம்: 72, 70, 69, 76 = 287
ஜார்ஜ் ஃபேசியோ: 73, 72, 72, 70 = 287
டட்ச் ஹாரிசன்: 72, 67, 73, 76 = 288

கூடுதல் சுற்று

சமநிலையில் இருந்த மூவரும் ஞாயிற்றுக்கிழமை மேலும் 18 குழிகள் ஆடினர். 15 குழிகள் முடிந்தபோது மாங்ரம் ஹோகனைவிட ஓர் அடி மட்டுமே பின்தங்கியிருந்தார். 16ஆவது குழியில் பந்தின்மீது அமர்ந்த பூச்சியை அகற்றுவதற்காக அவர் பந்தைக் கையிலெடுத்து ஊதினார். அன்றைய விதிகளின்படி அவ்வாறு பந்தைத் தூக்குதல் குற்றமாகையால், அவருக்கு இரண்டு அடிகள் தண்டமாக விதிக்கப்பட்டன. அடுத்த குழியில் ஹோகன் நெடுந்தொலைவிலிருந்து பந்தைக் குழியில் உருட்டித் தம் முன்னிலையை உறுதி செய்தார். ஹோகன் 69, மாங்ரம் 73, ஃபேசியோ 75 அடிகளில் சுற்றை முடித்தனர்.

தண்டம் இல்லாதிருப்பினும் மாங்ரமின் எண்ணிக்கை 71 ஆகவே இருந்திருக்கும். ஆயினும் அது ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் போட்டியின் நெருக்கத்தைக் குலைத்தது.

புகழ்பெற்ற ஒளிப்படம்

18ஆவது குழியில் ஹோகன் இரும்பு மட்டையை வீசி முடித்த கணத்தை ஒளிப்படக் கலைஞர் ஹை பெஸ்கின் அவருக்குப் பின்புறமிருந்து படம்பிடித்தார். விளையாட்டு ஒளிப்படங்களுள் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்றாக இது விளங்குகின்றது. பட்டத்தை வென்று தந்த அடி எனப் பலர் இதனைக் கருதுவதுண்டு. உண்மையில் இது இறுதிச் சுற்றில் சமநிலையைப் பெற்றுத் தந்த அடியாகும். வெற்றி மறுநாளே கிட்டியது. காணாமற்போன அம்மட்டை பல ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, ஐக்கிய அமெரிக்கக் குழிப்பந்தாட்டச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பின்விளைவுகள்

ஹோகன் மேலும் 1951, 1953 ஆகிய ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பனை வென்றார். அவர் பெற்ற ஒன்பது பெரும் பட்டங்களுள் ஆறு விபத்துக்குப் பின் பெற்றவையாகும். அவரது வாழ்க்கையைத் தழுவிய "ஃபாலோ த சன்" என்ற திரைப்படம் 1951இல் வெளிவந்தது. அதில் கிளென் ஃபோர்டு ஹோகனாக நடித்தார்.

இப்போட்டியின் முடிவை வடிவமைத்த விதிகள் பின்னர் மாறின. குழியைச் சூழ்ந்த புல்தரையில் பந்தைத் தூக்கித் தூய்மை செய்வது 1960 முதல் அனுமதிக்கப்பட்டது. 1965 முதல் நான்கு சுற்றுகளும் நான்கு நாள்களில் ஆடப்பட்டு, ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் வழக்கம் முடிவுக்கு வந்தது. 18 குழிகள் கொண்ட கூடுதல் சுற்று 2018இல் கைவிடப்பட்டது. மெரியனில் ஹோகன் நின்று பந்தை அடித்த இடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது.