உடம்பைப் படிக்கும் அதிகாரம்

கடல் வாணிபத்தின் வரலாற்றைப் புரட்டினால் கேப்டன்கள், கொடிகள், துறைமுகங்கள் எல்லாம் வரும். எஞ்சின் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் வரமாட்டான். அவனைத் தேடணும்னா வழக்குக் கட்டுகளுக்குள்தான் போகணும்.

பிரான்சின் மேற்குக் கரையில் ஓலெரோன் என்றொரு தீவு. அதன் பெயரால் வழங்கும் இடைக்காலக் கடல் சட்டத் தொகுப்பு, கப்பலில் நோயில் விழுந்தவனைக் கரையில் இறக்கி, தங்க இடம், ராத்திரிக்கு மெழுகுவத்தி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கப்பலில் தின்ற அதே சாப்பாடு கொடுக்கச் சொல்கிறது. கூடவே, அவனுக்காகக் கப்பல் நிற்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இரக்கமும் கணக்கும் அன்றைக்கே ஒரே கட்டிலில்தான் படுத்திருந்தன. 1936இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 55ஆம் உடன்படிக்கை இரக்கத்துக்குக் கெடு வைத்தது: முதலாளியின் பொறுப்பை நாடுகள் 16 வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு முற்றிப்போய் நிற்கும் இடம் பிலிப்பைன்ஸ். உலகக் கப்பல்களுக்கு ஆள் அனுப்புவதில் முன்வரிசையில் இருக்கிற நாடு. அங்கே கடலோடியின் ஒப்பந்தத்தை அரசாங்கமே எழுதுகிறது. 2000இல் வந்த ஒப்பந்தத்தில் நல்ல விதி ஒன்று நுழைந்தது: பட்டியலில் இல்லாத நோயும் வேலையால் வந்ததாகவே முதலில் கொள்ளப்படும், மறுப்பதானால் கம்பெனிதான் ஆதாரம் காட்டணும்.

ஆனால் ஊர் திரும்பியவன் மூன்று வேலை நாளுக்குள் கம்பெனி நியமித்த டாக்டர் முன்னால் நிற்கணும். அவர்தான் ஊனத்துக்கு 1 முதல் 14 வரை தரம் போடுவார். 2010 ஒப்பந்தப்படி முதல் தரத்துக்கு 60,000 டாலர். பதினாலாம் தரத்துக்கு 1,870. ஒரு குடும்பத்தின் மிச்ச வாழ்க்கை அந்த ஒற்றை வரியில் தொங்குகிறது. சொந்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் மூன்றாவது டாக்டரிடம் போகணும். அதைக் கேட்காமல் விட்டவனுக்குக் கம்பெனி டாக்டர் எழுதியதுதான் பெரும்பாலும் தீர்ப்பு.

120 நாளுக்கு மேல் பழைய வேலைக்குப் போக முடியாதவனை நிரந்தர முழு ஊனமுற்றவன் என்றே கொள்ளணும் என்று 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008இல் அதே நீதிமன்றம், சிகிச்சை தேவைப்பட்டால் டாக்டர் 240 நாள்வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது. நோயாளிக்கு இன்னும் 120 நாள் காத்திருப்பு. நோய்க்கால ஊதியமோ 120 நாளோடு சரி.

எனக்கு இது அந்நியக் கதையில்லை. எங்க பக்கம் தோல் பதனிடும் கம்பெனியில் குரோமியத் தண்ணியில் நின்று புண்ணாகிப்போன கால்களை, தொட்டுக்கூடப் பார்க்காமல் 'சொறி' என்று எழுதிக் கொடுத்த டாக்டரை நான் பார்த்திருக்கிறேன். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய் ஏறியிருந்தது. ஏறி என்ன பயன்? புண் பட்டியலுக்குப் போகுமுன் டாக்டரின் சீட்டைத் தாண்டணும். அந்தச் சீட்டில் முதலாளி மட்டுமல்ல, சாதியும் கையெழுத்துப் போடுகிறது.

2024இல் பிலிப்பைன்ஸில் கடலோடிகளுக்கென்று உரிமைச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. கம்பெனி மேல்முறையீடு போயிருக்கையில், ஜெயித்த ஊனத் தொகையைக் கையில் வாங்க அந்த நோயாளியே பிணை கட்டணும். உழைத்த உடம்பை நம்பாத சட்டம், ஜெயித்த உடம்பையும் நம்பவில்லை.

சட்டம் படிக்கிற தோழர்களே, இழப்பீட்டுத் தொகைக்குப் போராடுவோம். அதற்கு முன்னால், முதல் சீட்டை எழுதுகிறவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்போம். நம் உடம்பைப் படிக்க நாம் தேர்ந்தெடுத்த டாக்டருக்கும் சம எடை வேணும்.