ஒரு வாக்கியத்துக்கு உரை

மூலம்:

"தகுதியுடைய, ஒப்புதல் அளித்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றவர்க்குப் போலி மருந்தும் தரப்பட்டு, எக்காரணத்தாலும் நேரும் மரணத்தை முதன்மை முடிவாகக் கொண்டு, ஐந்தாண்டு கண்காணிக்கப்பட்டனர்."

இந்த வாக்கியத்தை எந்த ஆய்விதழிலும் இப்படியே தேடினால் கிடைக்காது, நான் கோத்தது. ஆனால் இதன் உறவினர்கள் எல்லா இதழிலும் இருக்கிறார்கள். இதயமோ, மூட்டோ, நுரையீரலோ, மருந்தின் பெயரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். பத்திரிகையில் செய்தி எழுதுகிறவர்கள் முதலில் தாண்டிப்போவது இதைத்தான். அவர்களுக்கு 'எத்தனை சதவீதம் குணம்' என்பதுதான் வேண்டும். பழைய உரைகாரர்கள் கையில் கிடைத்திருந்தால் இங்கேயே பத்து நாள் உட்கார்ந்திருப்பார்கள்.

பொழிப்புரை: எங்கள் கண்ணை நாங்களே நம்பாமல் எண்ணிப் பார்த்தோம்.

தகுதியுடைய: தகுதி என்றது நோயாளியின் குணநலனை அன்று, ஆய்வு நடத்துபவர் வாசலில் வைத்த அளவுகோலை. வயது இவ்வளவு, சிறுநீரகம் சரி, கர்ப்பம் இல்லை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் யார் விழுந்தார்கள் என்பதை முடிவில் மறந்துவிடுவதுதான் வழக்கம். 1989இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பு 44 சதவீதம் குறைகிறது என்றது. சேர்ந்தவர்கள் 22,071 பேர். அத்தனை பேரும் டாக்டர்கள், அத்தனை பேரும் ஆண்கள். உலகமோ அதை 'மனிதர்' என்று படித்துக்கொண்டது. பெண்களை மட்டும் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு வர 2005 ஆயிற்று. ஏறத்தாழ 40,000 பெண்கள், பத்தாண்டு. மாரடைப்பில் மொத்தத்தில் பலன் இல்லை, பக்கவாதம்தான் குறைந்தது. ஆண்கள் ஆய்விலோ பக்கவாதம் குறையவில்லை. முன்னதில் மாத்திரை 325 மில்லிகிராம், பின்னதில் 100. ஆகவே வேறுபாடு உடம்பினுடையதா அளவினுடையதா என்று வழக்காடுவோரும் உண்டு. வழக்கு இருக்கட்டும். 'தகுதியுடைய' என்ற சொல்லைக் கண்டவுடன் 'தகுதி இல்லை என்று அனுப்பப்பட்டவர் யார்?' என்று கேட்கவேண்டும் என்பதே இங்கு உரை.

ஒப்புதல் அளித்த: ஒப்புதல் வேறு, ஒப்புக்குச் செய்வது வேறு. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது தமிழின் குறும்பு.

இந்தச் சொல் வாக்கியத்துக்குள் நுழைந்தது தாமதமாகத்தான். நவீன குலுக்கல் ஆய்வுகளுக்கு முன்னோடி என்று எல்லாரும் கும்பிடும் 1948ஆம் ஆண்டு பிரிட்டன் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில், மருந்து கிடைக்காத பிரிவினருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. அதைக்கூட அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடக்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரை ஒட்டி 1932 முதல் 1972 வரை நடந்ததைக் கடக்க முடியாது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு 'கெட்ட ரத்தம்' என்று சொல்லிவைத்து, பென்சிலின் வந்து ஊரெல்லாம் குணமான பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது வருடம். செய்தித்தாளில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

நம் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2009-10இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. ஒப்புதல் படிவங்களைப் பிறகு புரட்டிப் பார்த்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் கையெழுத்து விடுதிக் காப்பாளருடையது. பெற்றோர் எங்கோ காட்டோர ஊரில். நாடாளுமன்றக் குழு வரை போன விவகாரம் அது. இப்போதைய விதிப்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். அந்தச் சாட்சியின் நாற்காலிக்காகத்தான் மூலத்தில் இந்த இரண்டு சொல்.

குலுக்கல் முறையில்: வாக்கியத்தின் முதுகெலும்பு இது. நமக்குக் குலுக்கல் என்றால் சீட்டும் பரிசும் நினைவுக்கு வரும். உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்வது மேல். ஊர்ச்சபைக்கு ஆளெடுக்கக் குடத்துக்குள் ஓலைகளைப் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். குலுக்குவது பாதி வேலை; எடுக்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பது மறுபாதி. இந்த மறுபாதியை மருத்துவர்கள் கற்றுக்கொள்ள ஆயிரம் ஆண்டு ஆனது.

அதற்கு முன்பும் ஒப்பீடுகள் இருந்தன. ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு இல்லை, மூன்றாமவருக்கு மருந்து என்று வரிசைப்படி. இதில் என்ன கோளாறு? அடுத்த முறை 'இல்லை' என்று டாக்டருக்குத் தெரியும். வாசலில் நிற்பதோ இரண்டு குழந்தைக்காரி. 'இவர் நாளைக்கு வரட்டும்' என்பார். கருணைதான், குற்றமில்லை, ஆனால் கணக்கு கெட்டுப்போயிற்று. புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில், ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் இந்தக் கருணைக்குத்தான் பூட்டுப் போட்டார். எண்களைத் தற்செயல் வரிசையில் எழுதி, ஒட்டிய உறைக்குள் வைத்து, நோயாளி சேர்ந்த பிறகே பிரிக்கச் செய்தார். போர் முடிந்த நேரம், பிரிட்டனிடம் டாலர் இல்லை, எல்லாருக்கும் கொடுக்க மருந்தும் இல்லை. இல்லாமைதான் குலுக்கலை நியாயப்படுத்தியது. படுக்கை ஓய்வோடு மருந்தும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. (இந்தக் கணக்கு இத்தோடு முடியவில்லை. கடைசிச் சொல்லில் திரும்ப வருகிறது.)

இரு பிரிவாக: உரை வேண்டா. 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை ஆறு ஜோடியாக்கினார்; ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் முதலில் எழுந்து நடந்தது. ஒப்பிட இன்னொன்று வேண்டும், அவ்வளவே.

நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு: இரண்டு உம்மையும் எண்ணும்மை. ஆயினும் கனம் இரண்டாவதில். நோயாளி ஏமாறுவார் என்பது ஊரறிந்தது. படித்தவரும் ஏமாறுவார் என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் இரண்டாம் உம்மை. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில்கூட எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தப் பிரிவினருடையது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே படித்தார்கள்.

போலி மருந்தும்: மாத்திரை என்றால் எளிது, அதே நிறம் அதே வடிவம். அறுவைச் சிகிச்சைக்குப் போலி உண்டா?

உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் குழாய்க் கேமரா விட்டு, உள்ளே சுரண்டி, கழுவி எடுக்கும் சிகிச்சை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் நடந்துகொண்டிருந்த காலம். வலி குறைந்தது என்று நோயாளிகளும் சொன்னார்கள். ஹூஸ்டன் நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் 180 பேரை மூன்று பிரிவாக்கினார்: சுரண்டல், வெறும் கழுவல், போலி. நோயாளி மேசைமேல் படுத்த பிறகுதான் உறை பிரியும். 'போலி' என்று வந்தால் தோலில் மட்டும் கீறல் விழும். பிறகு மோஸ்லி ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார். முழங்காலை மடக்கி நீட்டுவார். அரைமயக்கத்தில் இருப்பவர் காதில் விழட்டும் என்று உப்புநீரைச் சளசளவென்று கொட்டுவார்கள். உண்மையான சிகிச்சைக்கு ஆகும் நேரம் கழிந்த பிறகே தையல். நோயாளியும் அன்றிரவு வார்டிலேயே தங்குவார். கவனித்துக்கொள்ளும் செவிலியருக்கும் எது எதுவென்று தெரியாது.

2002இல் முடிவு வெளியானது. இரண்டு வருடத்தில் எந்தக் கட்டத்திலும், வலியிலோ நடப்பதிலோ, போலியைவிட மற்ற இரண்டும் தேறவில்லை.

இது ஏமாற்று அல்லவா என்று கேட்போர்க்கு: சேரும்போதே ஒவ்வொருவரும் 'எனக்குப் போலி அறுவை நடக்கலாம், அதனால் மூட்டுவலி சரியாகாது' என்ற கருத்தைத் தன் கையால் எழுதித் தரவேண்டியிருந்தது. தகுதி இருந்தும் 44 சதவீதம் பேர் முடியாது என்று போய்விட்டார்கள். நான் அதைக் குறையாகப் படிக்கவில்லை. நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் மறுக்க முடிந்த இடத்தில்தான் மற்றவர் கையெழுத்துக்கு மதிப்பு.

எக்காரணத்தாலும் நேரும் மரணத்தை: உம்மை முற்றும்மை. மாரடைப்பால் மட்டுமன்று, நோயால் மட்டுமன்று, எதனால் செத்தாலும் எண்ணுக என்றவாறு. இவ்வளவு கறாராக ஏன்?

எண்பதுகளில் இதய மருத்துவத்தில் அசைக்கமுடியாத ஒரு தர்க்கம் இருந்தது. மாரடைப்புக்குப் பின் இதயம் இடையிடையே தாளம் தப்பினால் திடீர் மரணம் வர வாய்ப்பு அதிகம். என்கேனைடு, ஃப்ளெக்கேனைடு இரண்டும் அந்தத் தாளப்பிழையை அடக்கும். ஆகவே உயிரைக் காக்கும். ஈ.சி.ஜி. தாளில் கோடு ஒழுங்காக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேறென்ன சாட்சி வேண்டும்? 'காஸ்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு, இந்த மருந்துகள் தாளத்தை நன்றாக அடக்கிய நோயாளிகளாகவே பார்த்துச் சேர்த்தது. 1989இல் அவசரமாக இந்த இரு மருந்துகளின் பிரிவை நிறுத்தினார்கள். 1991இல் வெளியான கணக்கு: மருந்து பெற்ற 755 பேரில் இறந்தவர் 63; போலி பெற்ற 743 பேரில் 26. சராசரியாகப் பத்தே மாதத்தில். ஈ.சி.ஜி. தேறியது, ஆள் போனார். கூடுதலாக இறந்தோரில் தாளக்கோளாறு என்று எழுதப்படாதவர்களும் இருந்தார்கள். 'எக்காரணத்தாலும்' என்ற வலைதான் அவர்களையும் பிடிக்கிறது.

முதன்மை முடிவாகக் கொண்டு: 'கொண்டு' இறந்தகால வினையெச்சம். முன்பே கொண்டது, பின்பு தேடியது அன்று. அம்பு விட்ட பிறகு வட்டம் வரைவதைத் தடுக்கும் சொல். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை முதல் நோயாளி சேருமுன்பே பொதுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்றானது இதற்காகவே.

பின்பு தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வேடிக்கை உண்டு. 1988இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஆஸ்பிரின் ஐந்து வாரத்தில் இதய-ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது என்று காட்டியது. வயது வாரியாக, வகை வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று நெருக்குதல் வந்தது. காட்டினார்கள், கூடவே ராசி வாரியாகவும். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, கொஞ்சம் கெடுதலோ என்று தோன்றும்படி எண் வந்தது. ஆயிரம் துண்டாக நறுக்கினால் ஏதாவது ஒரு துண்டு இப்படிச் சொல்லத்தான் செய்யும் என்று குத்திக்காட்டவே அதைப் போட்டார்கள். (நம்மூர் மிதுன ராசி அன்பர்கள் கலங்கவேண்டாம், அவர்கள் பார்த்தது சூரியன் நின்ற ராசி, நாம் பார்ப்பது சந்திரன் நின்றது.)

ஐந்தாண்டு கண்காணிக்கப்பட்டனர்: செயப்பாட்டுவினை. கண்காணித்தவர் யார் என்று மூலம் சொல்லவில்லை. இந்த நடையில் எப்போதும் சொல்வதில்லை. கண்காணி என்ற சொல்லே மருவி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 'கங்காணி' ஆனது. அந்த வாடை இங்கும் கொஞ்சம் வீசுவது பொருத்தமே.

ஸ்ட்ரெப்டோமைசின் கணக்குக்கு வருவோம். ஆறு மாதத்தில் 4-க்கு 14 என்றிருந்தது. ஐந்தாண்டு கழித்து எண்ணியபோது 55 பேரில் 32, 52 பேரில் 35 இறந்திருந்தார்கள். தனி மருந்தைக் கிருமி பழகிக்கொண்டது. ஆறு மாதத்தோடு எண்ணிக்கையை நிறுத்தியிருந்தால் அது வெற்றிக்கதை. ஐந்தாண்டு எண்ணியவர்களில் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ்.

அதே ஃபாக்ஸ் 1956இல் சென்னைக்கு வந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. (சேத்துப்பட்டில் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.) கேள்வி எளியது, பதில் யாருக்கும் தெரியாது. நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். சானடோரியம் படுக்கைகளோ அதில் சிறு துளி. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இல்லாமல் காசம் ஆறாது என்பது அன்றைய மருத்துவத்தின் வேதவாக்கு. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில் வைத்து மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆறுமா?

சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு சீட்டு சானடோரியம், மறு சீட்டு வீடு. ஐசோனியசிட், பாஸ் என்ற மருந்துகள் இரு பக்கமும் ஒன்றே, ஓராண்டு. போலி இங்கே இயலாது. வீட்டை யாருக்கும் மறைக்க முடியாதே. வீட்டுப் பிரிவினர் ஒழுங்காக விழுங்குகிறார்களா? அங்கேதான் கங்காணி வேலை. மையத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணுவார்கள். அப்போதே சிறுநீர் வாங்கிக்கொண்டு போய், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆள் முன்னிலையில் மாத்திரை விழுங்கவைக்கும் பிற்கால முறைக்கு விதை அந்த வாசற்படிகளில் விழுந்ததுதான்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. சானடோரியத்தில் சாப்பாடு மேல், ஓய்வு மேல், எடையும் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. வீட்டுக்காரர்கள் அரைவயிற்றோடு வேலைக்கும் போய்க்கொண்டு இதே அளவுக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் இடையில் வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டன் கணக்கில் ஐந்தாண்டு அழித்தது மருந்தின் பெருமையை. சென்னைக் கணக்கில் அழித்தது சானடோரியத்தின் பெருமையை.

இன்னொரு அச்சம் பாக்கி இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் அவர் பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கு என்ன ஆகும்? வீட்டாரையும் ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய வீட்டாரைவிட, கூடவே வைத்திருந்த வீட்டாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சை தொடங்குமுன்பே தொற்றியிருந்தது. மாத்திரை உள்ளே போனதும் அந்த வழி அடைபட்டது. அம்மாவோ பிள்ளையோ படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, குலுக்கலில் அவர்கள் பெயர் இல்லை. மூலத்தின் எழுவாய் 'நோயாளிகள்' மட்டுமே.