ஹிக்ஸ் துணிக்கையின் அருஞ்சிதைவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஹிக்ஸ் துணிக்கையின் வரலாறு, 1964இல் எழுந்த ஒரு கொள்கை 2012இல் மெய்ப்பிக்கப்பட்ட வெற்றிக் கதையாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. அக்கதையுள் அடங்கியுள்ள பிறிதோர் உண்மையினை நாம் இங்கு நோக்குவோம். அத்துணிக்கை பற்றிய அறிவு, அதன் பெருவழக்கான சிதைவுகளினூடாகவன்றி அரிதான சிதைவுகளினூடாகவே முதலில் கிட்டியது.

ஹிக்ஸ் துணிக்கை தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும். நாம் காண்பன அதன் எச்சங்களே. 1976இல் எல்லிஸ், கயார்ட், நானோபூலோஸ் ஆகிய மூவரும் இச்சிதைவுகளை விரிவாக ஆராய்ந்தனர். துணிக்கையின் திணிவு அன்று அறியப்படாமையால், அதனைத் தேடும் பெரும் பரிசோதனைகளை ஊக்குவிக்க அவர்கள் விரும்பினாரல்லர். எனினும் தேடல் தொடர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அமைக்கப்பட்டுவந்த பெருமோதுகருவி, ஏறத்தாழ 200 கோடி டொலர் செலவான பின்னர், 1993இல் அந்நாட்டுக் காங்கிரசினால் கைவிடப்பட்டது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய கருவியே இறுதியில் வெற்றி கண்டது.

2012 யூலை 4ஆம் திகதி அறிவிக்கப்பட்ட அக்கண்டுபிடிப்புக்கு ஆதாரமாயமைந்தவை எவை? இத்துணிக்கைகளுள் நூற்றுக்கு 58 வரை அடிக்குவார்க்குச் சோடிகளாகச் சிதைகின்றன. ஆயினும் புரோத்தன் மோதுகைகளில் அத்தகைய சோடிகள் வேறு வழிகளிலும் ஏராளமாகத் தோன்றுவதால், அச்சிதைவு 2018இலேயே உறுதிப்பட்டது. ஆயிரத்தில் இரண்டளவே நிகழும் இரு ஒளித்துணிக்கைச் சிதைவும், பதினாயிரத்தில் ஏறத்தாழ ஒன்றாக நிகழும் நான்கு இலத்திரன் அல்லது மியூவோன் சிதைவுமே முதற் சான்றுகளாயின. அரியது தெளிவாய்த் தோன்றிற்று. பெருவழக்கானது இரைச்சலில் மறைந்தது.

அடுத்த வினா இதனினும் ஆழமானது. தாவு துணிக்கையும், உச்சி, அடிக் குவார்க்குகளும் ஹிக்ஸ் புலத்தோடு தொடர்புறுதல் உறுதியாயிற்று. இவை மூன்றாந் தலைமுறையைச் சார்ந்த பாரமான துணிக்கைகள். இரண்டாந் தலைமுறையைச் சார்ந்த மியூவோனும் தன் திணிவை அதே மூலத்திலிருந்தே பெறுகின்றதா? பதினாயிரத்தில் இரண்டளவான மியூவோன் சோடிச் சிதைவே இதற்கு விடையளிக்க வல்லது. அதற்கான முதற் சான்று 2020இல் வெளிவந்தது.

2025இல் சேர்ன் வெளியிட்ட சாத்திய ஆய்வு, 91 கிலோமீற்றர் சுற்றளவுடைய புதிய சுரங்கத்தையும் அதில் முதற்கண் இலத்திரன்-பொசித்திரன் மோதுகருவியையும் முன்வைக்கின்றது. இம்மோதுகையில் தொடக்கச் சக்தி செம்மையாகத் தெரியும். ஆதலின் உடன்தோன்றும் இசட் துணிக்கையை அளந்தே, ஹிக்ஸ் துணிக்கை கட்புலனாகாத பொருளாகச் சிதைந்தமையையும் கண்டறியலாம். பிரபஞ்சத்தின் கரும்பொருளை அறிய இதுவுமொரு வழியாகலாம். ஆயினும் மியூவோன் சிதைவு போன்றவற்றுக்குப் பேரெண்ணிக்கை வேண்டும். அதற்குப் புரோத்தன் மோதுகருவிகளே பொருத்தமானவை.

முதற்கட்டத்துக்கான மதிப்பீடு ஏறத்தாழ 1500 கோடி சுவிஸ் பிராங்கு. அது பொதுமக்களின் உழைப்பிலிருந்து பெறப்படவேண்டிய செல்வம். இதனால் விளையும் பயன் யாதென வினவும் உரிமை அவர்களுக்குண்டு. புதிய துணிக்கை நிச்சயம் கிட்டுமென விஞ்ஞானிகள் வாக்களித்தல் நேர்மையாகாது. எதனை அளக்கப்போகின்றோம், எதுவும் புதிதாகக் கிட்டாவிடினும் எந்த ஐயம் தீரும் என விளக்குதலே தகும். சமூகத்தின் இசைவின்றி எந்தச் சுரங்கமும் நிறைவுறாது என்பதே 1993 நமக்குணர்த்தும் பாடமாகும்.